என் தம்பிக்கு அப்பாவாகப் போன மாமா

என் சின்ன மாமா பதினாறு வயதில் ஒரு பிள்ளைக்கு அப்பா ஆனார். அரை நாளைக்கு மட்டும்தான். அந்தப் பிள்ளை என் தம்பி.

சீனாவோடு சண்டை மூண்ட வருடம் அது. திருத்தணி ஆந்திராவிலிருந்து பிரிந்து இந்தப் பக்கம் சேர்ந்து அப்போது இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அதனாலோ என்னவோ, எல்லை என்ற சொல் ரேடியோவில் வந்தாலே எங்கள் தெரு கூடிவிடும். எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னால் நிற்பவர் மாமா. பெற்றவர்கள் போன பிறகு அவரை வளர்த்தது அவருடைய அக்காவான என் அம்மாதான். மலையடிவாரத்தில் எங்கள் அப்பாவுக்குத் தேங்காய்க் கடை. மேலே கோயில் வாசலில் இருக்கும் கடைகளுக்கு மூட்டைகளைப் படியேறிச் சுமந்து போவது மாமாவின் வேலை.

பட்டாளத்தில் சேரப் போகிறேன் என்று அவர் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார். அம்மா கரண்டியை ஓங்கினாள். அதோடு பேச்சு அடங்கியது, ஆசை அடங்கவில்லை. அரக்கோணத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டார். அங்கே வயதுக்குச் சான்று என்று பெரிதாக ஒன்றும் கேட்பதில்லை, ஆளைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள் என்றும் தெரிந்துகொண்டார். ஆனால் பார்த்தால்தான் ஆபத்து. மீசை என்று சொல்லிக்கொள்ள மேலுதட்டில் கரிக்கையால் துடைத்த மாதிரி ஏதோ இருந்தது. அப்போதுதான் அந்த யோசனை உதித்திருக்க வேண்டும். கல்யாணமாகிப் பிள்ளையும் பெற்றவனைச் சின்னப் பையன் என்று எவன் சொல்வான்?

ஆர்.கே.பேட்டையில் இருந்த ஒரு உறவுக்காரரிடம் குழந்தையைக் காட்டிவிட்டு வருகிறோம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, ஒரு வயதுத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு அரக்கோணத்துக்கு ரயில் ஏறினார். எனக்கு எட்டு வயது. ரயில் என்றால் எந்தப் பொய்க்கும் நான் தயார்.

"ஆரு கேட்டாலும் இவன் என் புள்ள. நீ என் அக்கா பொண்ணு, கூட வந்துகினு கீறே. அவ்ளோதான். நடுவுல வாயத் தொறக்காத" என்றார்.

மைதானத்தில் நீண்ட வரிசை. ஆளைப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வந்தவர் பெரிய மீசை வைத்த ஒரு ஹவில்தார். பேச்சைக் கேட்டால் வேலூர்ப் பக்கம். மாமாவிடம் வந்ததும் நின்றுவிட்டார்.

"இன்னா வயசு?"

"இருபதுங்க."

"மூஞ்சியப் பாத்தா இப்பத்தான் பால்குடி மறந்த மாதிரி கீது."

"கல்யாணமாயி புள்ளயே கீதுங்க. தோ பாருங்க!"

மாமா தம்பியைத் தூக்கிக் காட்டினார். தம்பி சிரித்தான். அவன் தலையில் சந்தனம் இன்னும் முழுதாகப் போகவில்லை. குத்திய காது சிவந்திருந்தது. ஹவில்தார் முகம் இளகியது. குழந்தையை வாங்கிக் கன்னத்தைக் கிள்ளினார்.

"திருத்தணியா? மலையில மொட்ட போட்டீங்களா?"

"ஆங், போன வாரம்ங்க."

"ரொம்ப அழுதானா?"

"இல்லீங்க! என் மடியிலதான குந்த வச்சாங்க. ஒரு சொட்டு அழுவல" என்றார் மாமா, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

ஹவில்தார் சிரிக்கத் தொடங்கினார். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் முதல் மொட்டைக்கும் காது குத்துக்கும் குழந்தை உட்காருவது தாய்மாமன் மடியில். அப்பன் எட்டி நின்று பார்க்க வேண்டியதுதான். இது தெரியாதவன் அந்த வரிசையில் ஒருவனும் இல்லை.

"அப்ப நீ மாமன்டா! இவன் அப்பன் எங்க?"

வாயைத் திறக்காதே என்று மாமா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. இருந்தாலும் பெரியவர் கேட்கிறாரே.

"நைனா கடையில கீறாருங்க" என்றேன்.

மாமா என்னைப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை. ஆனால் அவர் வரிசையை விட்டு நகரவில்லை. கண்ணில் நீர் முட்ட, "ஓடியாவது காட்றேங்க. அப்புறம் தொரத்துங்க" என்றார்.

வேடிக்கைக்காகத்தான் ஹவில்தார் ஓடவிட்டிருப்பார். தினம் தேங்காய் மூட்டையோடு மலையேறும் கால்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? வெறும் கையோடு சமதரையில் ஓடுவது மாமாவுக்கு விளையாட்டாக இருந்தது. மற்றவர்கள் கடைசித் திருப்பத்துக்கு வருவதற்குள் இவர் முடித்துவிட்டு என் தம்பிக்கு மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கத்திய கத்தலில் தொண்டை கட்டிப்போனது.

ஹவில்தார் மாமாவின் தோளைத் தட்டினார். "இருபது வாணாம். பதினெட்டுன்னு சொல்லு. அதயாவது நம்பலாம்" என்றார்.

அம்மா மாமாவை அடித்தாள், பிறகு கட்டிக்கொண்டு அழுதாள், பிறகு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள். அப்பா, "உடு, அவன் ஆம்பள" என்றார். தெருவே மாலை போட்டு அனுப்பியது. எங்கள் வீட்டு வாசல் குட்டை. அப்பா எப்போதும் குனிந்துதான் வருவார். அன்று மாமா கழுத்து நிறைய மாலையோடு நிமிர்ந்தபடியே வெளியே நடந்தார்.

பயிற்சி முடித்து, அடுத்த வருடம் ஆடிக் கிருத்திகைக்கு விடுப்பில் வந்தார். ரயிலடியிலிருந்து காக்கி உடுப்பில் நடந்து வந்தவருக்குக் காவடிக் கூட்டமே வழிவிட்டது. சிலர் அரோகரா என்று அவரைப் பார்த்தே கூவினார்கள். நான் முன்னால் ஓடினேன். இந்த உலகத்தில் என்னைவிடப் பெரியவள் அன்று யாரும் இல்லை.

"அக்கா!" என்று கூவிக்கொண்டே மாமா வீட்டுக்குள் பாய்ந்தார். வாசல் நிலையில் நெற்றி டொம்மென்று மோதியது. தெருவே சிரித்தது. "பட்டாளத்துச் சோறு! எப்பிடி வளந்துட்டான் பாத்தியா!" என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒருத்தி விடாமல் சொன்னேன், பட்டாளத்தில் போடும் சோற்றைத் தின்றால் எவ்வளவு பெரிய ஆளும் இன்னும் வளர்வார் என்று.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. வாசல் நிலையை ஒருமுறை பார்த்தாள், மாமாவை ஒருமுறை பார்த்தாள். நெற்றியில் மஞ்சள் வைக்கும்போதே அழத் தொடங்கினாள். "இன்னும் வளந்துகினு இருந்த புள்ளய அனுப்பிட்டனே" என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

இத்தனை சின்னக் காயத்துக்கு அம்மா ஏன் அப்படி அழுகிறாள் என்று எனக்கு அன்று விளங்கவே இல்லை.