மூச்சு விடும் சுவர்

ராஜபாளையத்தில் வீடு கட்டுகிறவர்கள் வெங்கடேஸ்வரியிடம் வாஸ்து கேட்பதில்லை. கேட்டவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை ஊருக்கே தெரியும். கிணற்று உறை, ஆலைத் தொட்டி, பள்ளிக்கூட நீச்சல் குளம் என்று தண்ணீர் நிற்கும் எதையும் வரைந்து கட்டிக் கொடுப்பது அவள் பிழைப்பு. கையில் ஒரு கறுப்புக் கயிறுகூடக் கட்டாதவள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் வழியில், மூடிக் கிடந்த நூற்பாலைக் கொட்டகைக்குள் ஒரு கடலைக் கட்டும் வேலை அவளுக்கு வந்தது. கப்பல் வேலைக்கு ஆள் தயார்செய்யும் தனியார் கல்லூரி ஒன்று, கப்பல் கவிழ்ந்தால் உயிர் தப்பும் பயிற்சிக்காகக் கேட்டிருந்தது. ஜன்னலே இல்லாத கூடம். விளக்கை அணைத்தால் நடுக்கடல் இருட்டு. கூரைக் குழாய்களிலிருந்து மழை. குளத்தின் ஒரு கோடியில் கனத்த சுவர், அதற்குப் பின்னால் காற்றறை. ப்ளோயர் இயந்திரம் காற்றை ஊதி அடைத்தால் அறைக்குள் நிற்கும் தண்ணீர் சுவரின் அடித் திறப்பு வழியாகக் குளத்துக்குள் தள்ளப்படும். காற்றை விட்டால் திரும்ப உள்ளே பாயும். இப்படித் தள்ளித் தள்ளி இழுத்தால் அலை. அந்தத் திறப்புக்கு நெருக்கமான எஃகுக் கிராதி போட்டே ஆகவேண்டும் என்று வரைபடத்தில் சிவப்பில் எழுதியிருந்தாள்.

தண்ணீர் நிரப்பி ஓட்டிப் பார்த்த அன்றே வேலையாட்கள் ஓரமாக ஒதுங்கினார்கள். ப்ளோயரை நிறுத்திய பிறகும் சுவர் மூச்சு விட்டது. ஹ்ம்ம்... ஹா... தூங்குகிறவன் நெஞ்சு ஏறி இறங்குவதுபோல, அவசரமே இல்லாமல்.

"காவு கேக்குதுக்கா" என்றாள் சித்தாள் இருளம்மாள்.

"உள்ள தண்ணி ஆடி அடங்குது இருளம்மா. காத்து போற சத்தம்."

"காத்துக்கு எதுக்குக்கா இம்புட்டு நிதானம்?"

வெங்கடேஸ்வரிக்குக் காரணம் தெரியும். தெரிந்தும், அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி நிற்க அவளால் முடியவில்லை.

கிராதி வரத் தாமதமானது. விரட்டி வாங்க அவள் கோயம்புத்தூர் போனாள். நாளைக்கே அனுப்புகிறோம் என்ற சத்தியத்தோடு திரும்பி, மத்தியானம் கொட்டகைக்குள் நுழைந்தபோது குளோரின் வாடையோடு வேறொரு வாடையும் இருந்தது. சுவரோரம் எலுமிச்சம்பழங்கள். தரையில் கழுவியும் போகாத ரத்தக்கறை.

"கெடா வெட்டியாச்சு மேடம்" என்றார் காண்ட்ராக்டர் ஆவுடையப்பன். நெற்றி நிறைய திருநீறு. "ரத்தத்தத் தண்ணியில கலந்துட்டோம். இனி ஒண்ணும் செய்யாது."

"கிராதி இன்னும் வரலையே. தண்ணிய ஏன் விட்டு வச்சிருக்கீக?"

"அதான் காவு குடுத்தாச்சுல்லா? கிராதிய பொறவு பாத்துக்கிடலாம். காலேஜ் முதலாளி நாளைக்கு வாராரு. இன்னைக்கு ஒரு ஆள எறக்கிப் பாத்துருவோம்."

அந்த ஆள் ஏணிக்குப் பக்கத்தில் சட்டையைக் கழற்றி நின்றுகொண்டிருந்தான். மண் சுமக்க வந்த சமுத்திரம். கவிழ்ந்த மிதவைக்கு அடியில் முக்குளித்து வெளியே வந்து காட்ட வேண்டுமாம்.

"ஏலே, பேரே சமுத்திரம். உனக்கென்னலே பயம்?" ஆவுடையப்பன் சிரித்தார்.

"பிளவக்கல் அணையில குதிச்சு வளந்தவன்தான். ஆனா அது மூச்சு விடாது" என்றான் சமுத்திரம்.

விஷவாயு அடைத்த கிணறா, அவன் தெருவிலிருந்து ஆள் வரும். செப்டிக் டேங்கா, அதற்கும் அங்கிருந்தே. இப்போது கடலுக்கும். காவு கொடுத்தால் ஆபத்து இல்லை என்று அத்தனை உறுதியாக நம்பியவர், தன் மகனை ஏன் கூட்டி வரவில்லை?

"மொதல்ல பொம்ம எறங்கட்டும்" என்றாள் வெங்கடேஸ்வரி.

மீட்புப் பயிற்சிக்கு வாங்கிய பொம்மை. ஒரு ஆளின் எடை, ஒரு ஆளின் உயரம். அதைத் தண்ணீரில் தள்ளினார்கள். மெல்ல அமிழ்ந்தது. விளக்குகள் அணைந்தன. மழை இறங்கியது. இருட்டுக்குள் அலை எழுந்து கரையில் அறைந்தது. ஒவ்வொரு அறைக்கும் நடுவே சுவர் நீளமாக இழுத்தது.

"போதும். லைட்டப் போடுங்க" என்றாள் வெங்கடேஸ்வரி.

வெளிச்சம் வந்தது. ப்ளோயர் நின்றது. அலை அடங்கி, தண்ணீர் தரைவரை தெளிந்தபோது, குளத்தில் பொம்மை இல்லை.

சுவர் மூச்சு விட்டது. அதன் பின்னாலிருந்து, டொக். மறுபடி மூச்சு. மறுபடி, டொக். உள்ளே யாரோ தலையால் முட்டித் திறக்கச் சொல்வதுபோல. இருளம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள்.

ஆவுடையப்பன் முகம் மலர்ந்தது.

"வாங்கிருச்சு பாத்தீயளா! ஆள் உருவத்தையே வாங்கிருச்சு. இனி சத்தியமா கேக்காது. எறங்குலே சமுத்திரம்."

சுவரின் சத்தத்தைவிட அந்தக் குரலுக்குத்தான் வெங்கடேஸ்வரிக்கு மயிர்க்கூச்செறிந்தது. சமுத்திரம் அவளைப் பார்த்தான். அவள் போய் வடிகால் வால்வைத் திறந்தாள்.

"என்ன மேடம் செய்யுதீக! முதலாளிக்கு நான் என்ன சொல்ல?"

"தண்ணிய வெங்கடேஸ்வரி வடிச்சுட்டான்னு சொல்லுங்க."

தண்ணீர் வடிய வடிய மூச்சு இளைத்தது. கடைசியில் சுவரின் அடி தெரிந்தது. அதில் தரையோடு தரையாக, கறுப்புப் பிளவாக அந்தத் திறப்பு. சமுத்திரம் ஏணியில் இறங்கினான். ஈரத்தில் ஒருக்களித்துப் படுத்து, தலையையும் தோளையும் உள்ளே விட்டுப் பார்த்தான். அளவெடுத்து வைத்ததுபோல இடுப்புவரை போனது. அவன் குரல் சுவருக்குள்ளிருந்து, வேறு யாருடையதோபோல வந்தது.

"எக்கா, பொம்ம இங்கதான் கெடக்கு. இதுக்குள்ள திரும்புததுக்கு எடமில்ல."

வெளியே வந்தவன் ஆவுடையப்பனை நிமிர்ந்து பார்த்தான்.

"கிராதி மாட்டுங்க, எறங்குதேன். அதுக்கு முன்னாடி அவசரம்னா நீங்க எறங்குங்க அண்ணாச்சி. காவுதான் குடுத்தாச்சே."

ஆவுடையப்பன் குனிந்து அந்தப் பிளவைப் பார்த்தார். பிறகு வெளியே போய், கோயம்புத்தூருக்கு அவரே போன் போட்டார்.