ஊசி நாளில் மகள் கேட்ட கேள்வி

பெர்மாஸ் ஜெயாவிலிருந்து தினமும் எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவள் நான். மகள் கவிதாவுக்குப் பதின்மூன்று வயது, முதலாம் படிவ மாணவி. அவள் பள்ளியில் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான தடுப்பூசி போடவிருந்தார்கள். அதற்கு முதல் நாள் மாலை அவளுக்கு மாதவிடாய் வந்துவிட்டது. அந்த நேரத்தில் ஊசி போட்டால் உதிரப்போக்கு அதிகமாகும் என்று வாட்சப்பில் எப்போதோ படித்திருந்தேன். யாரிடமும் கேட்கவில்லை.

"நாளைக்கு ஸ்கூலுக்குப் போவாத, வீட்லயே இரு" என்று சொல்லி வைத்துவிட்டு, மறுநாள் விடியுமுன்னே பஸ் ஏறிவிட்டேன்.

மாலையில் வந்து பார்த்தால் அவள் கையில் ஊசி போட்ட இடத்தில் பிளாஸ்டர்!

"ஏன்டி போன?"

"எல்லாரும் போட்டுக்குறாங்க, நான் மட்டும் ஏம்மா விடணும்? பீரியட்ஸ்ல போடலாமான்னு ஊசி போட வந்த நர்ஸ் மிஸ்ஸிகிட்டயே கேட்டேன்."

"எல்லார் முன்னாலயுமா?"

"ஆமா. 'தாராளமா போடலாம்லா. பசியாறிட்டு வந்தியா, அத சொல்லு. வெறும் வயித்துல போட்டாதான் மயக்கம் வரலாம்'னாங்க. வரிசைய விட்டு நழுவப் பார்த்த ரெண்டு பேரு அதக் கேட்டுட்டுத் திரும்ப வந்து நின்னாங்கம்மா!"

கை கொஞ்சம் வலித்ததோடு சரி. நான் பயந்த எதுவும் நடக்கவில்லை. அவள் மட்டும் என் பேச்சைக் கேட்டிருந்தால், புற்றுநோயைத் தடுக்கும் ஊசியை நானே தட்டிவிட்டிருப்பேன்.

இப்போதெல்லாம் சந்தேகம் வந்தால் கிளினிக்கில் மிஸ்ஸியிடமே, குரலைத் தாழ்த்தாமல் கேட்கிறேன். வீட்டில் யாருக்கு ஊசி என்றாலும் நான் விசாரிப்பது ஒன்றுதான்: "பசியாறிட்டியா?"