சக்களத்திக் குடித்தனம்

முற்றத்து முல்லைக்கு மணமில்லை என்பார்கள், மலைக்கு அந்தப்புறத்துக் கேரளத்துக்காரர்கள். பிறந்த சுருளிப்பட்டியிலேயே வாக்கப்பட்டு, அம்மா வீட்டுக்கு அடுத்த தெருவில் குடியிருக்கும் நான்தான் அந்த முல்லை. தங்கச்சி பெங்களூரில் இருக்கிறாள். டாக்டர் பட்டம் வாங்கிய பிறகும் ஆராய்ச்சி. குடலில் புழு புகுந்தால், ரத்தத்தில் காவல் காக்கிற அணுக்கள் என்ன செய்யும் என்று பார்க்கிறாள். அம்மாவுக்கு விடிந்தால் அடைந்தால் அவள் பேச்சுத்தான். என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை அந்த வாயிலிருந்து விழாதா என்று எனக்கு ஏக்கம்.

போனில் ஒருநாள் தங்கச்சி சொன்னாள்: “நம்ம ஆட்டுல ரத்தம் எடுக்க வாரேம்மா. புழு இருக்கணும். மருந்து குடுத்துராத.”

அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. விருந்தாளி வந்தால் சுவருக்கு வெள்ளையடிக்கிற ஊர் இது. “படிச்ச புள்ள வாரப்ப புழுப்புடிச்ச ஆட்டையா காட்டுவாக?” என்று சொல்லி, என் ஆடுகளுக்கு வாங்கி வைத்திருந்த குடற்புழு மருந்தையும் தூக்கிக்கொண்டு போய்த் தன் பட்டி முழுக்கப் புகட்டிவிட்டாள். தங்கச்சி வருகைக்கு என் ஆடு மெலியணுமாக்கும் என்று பொருமினேன்.

ஐஸ் பெட்டியோடு வந்த தங்கச்சி, தேறி நின்ற ஆடுகளைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“போச்சும்மா. இந்த ரத்தம் இல்லாட்டி என் வேலையே நின்னுபோகும்.”

எனக்குள் ஒரு துள்ளல், பொய் சொல்வானேன். அம்மா என் பக்கம் திரும்பினாள். “ஏடி, ஒன் ஆடு?”

தரமாட்டேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. கூட்டிக்கொண்டு போனேன்.

என் பட்டியில் வாடி நின்ற ஆட்டின் கண் இமையை விரித்துப் பார்த்தாள். புழு ரத்தத்தை உறிஞ்சியதில் வெளிறிக் கிடந்தது. நகைக்கடைக்குள் நுழைந்தவள் மாதிரி அவள் முகம் மலர்ந்தது. “அக்கா, இதுதான்க்கா!”

ரத்தம் எடுத்தபடியே விளக்கினாள்: “அந்தக் காவல் அணு புழுவ விடாம அடிச்சா குடலே புண்ணாயிரும்க்கா. அதான் அணுவெல்லாம் கொஞ்சம் தணிஞ்சு போகுது.”

“அப்ப சக்களத்திக் குடித்தனம்னு சொல்லு. வெரட்டுனா வீடு ரெண்டாகும். பல்லக் கடிச்சுக்கிட்டு ஒரே அடுப்புல பொங்கிக்கிற வேண்டியதுதான்.”

சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. “இத அம்மாகிட்டச் சொல்லணும்க்கா!”

வயிறு குளிர்ந்து போனது எனக்கு.

அவள் பஸ் ஏறிய மறுநாள், கம்பம் போய் ஆடுகளுக்கு மருந்து வாங்கி வந்தேன். குழாயடியில் அம்மா குரல்: “ஒடம்பும் புழுவும் சக்களத்திக் குடித்தனமாம்! என் சின்னவ எம்புட்டு அழகாச் சொல்றா!”

“அது நான் சொன்னதும்மா.”

“ஆமாடி,” என்றாள் அம்மா, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே. “ஒனக்கும் சொல்லிருப்பா.”