மாமன் மடியும் ரத்தான ரயிலும்

ரயில் ரத்து என்று அந்தச் சனிக்கிழமை காலையில் செய்தி வந்தபோது நான் கட்டிலிலிருந்து துள்ளி எழுந்தேன். வருத்தத்தில் அல்ல. அது நான் போகவேண்டிய ரயில் இல்லை. என் அண்ணன் வரவேண்டிய ரயில்.

ஊரில் மழை கொட்டித் தீர்த்து, தாமிரபரணி கரையை மீறி, ஓர் இடத்தில் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த மண்ணையே அரித்துக்கொண்டு போய்விட்டது. தண்டவாளம் மட்டும் துணி காயப்போடும் கொடிபோல அந்தரத்தில் தொங்கியது. நான் அவ்வளவு மோசமானவன் இல்லை. முதலில் ஊருக்குப் போன் போட்டு, வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, யாருக்கும் ஒன்றுமில்லை, மாடுகூட மேட்டில்தான் நிற்கிறது என்றெல்லாம் உறுதி செய்துகொண்டேன். அதற்குப் பிறகுதான் சந்தோஷப்பட்டேன்.

காரணம் இருக்கிறது. நாங்கள் மூன்று பேர். அண்ணன் ஊரில் உரக்கடை வைத்திருக்கிறான். நடுவில் அக்கா, பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த அத்தானைக் கட்டிக்கொண்டு விவேக் நகரில் இருக்கிறாள். கடைசி நான், அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் அறையில் இருந்துகொண்டு கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். அக்கா பிள்ளைகளுக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்கார்த்தி வைத்துக் குத்தவேண்டும். மாமன்கள் இரண்டு பேர், பிள்ளைகளும் இரண்டு. ஆளுக்கு ஒன்று என்று பேச்சு. மூத்தவள் என் மடியில், அடுத்தது அண்ணன் மடியில்.

மூத்தவளுக்கு எங்கள் ஊர்க் கோயிலில் வைத்துக் காது குத்தினார்கள். நான் பட்டு வேட்டியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு பெங்களூர் ஸ்டேஷனில் நின்றேன். நடுவழியில் எங்கோ ஒரு பாலத்துக்கு மேல் தண்ணீர் போகிறது என்று ரயிலை ரத்து செய்துவிட்டார்கள். பஸ்ஸுக்கு ஓடினேன். எனக்கு முன்னால் மொத்த ரயிலும் அங்கே ஓடியிருந்தது. கடைசியில் அறைக்குத் திரும்பி, வேட்டியைக் கட்டிக்கொண்டு, போனில் காது குத்து பார்த்தேன். போனை யாரோ வாழைப்பழத் தாரில் சாய்த்து வைத்திருந்தார்கள். பிள்ளையின் அழுகை கேட்டது. கோயில் கூரை தெரிந்தது. என் இடத்தில் அண்ணன் உட்கார்ந்திருந்தான்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கல்யாண வீடு, சாவு வீடு, எங்கே பார்த்தாலும் நாலு பேர் நடுவில் வைத்து ஆரம்பிப்பான்.

"ரயில் இல்லன்னு ரூம்ல படுத்துக்கிட்டான்வே. தாய்மாமன்னா நீந்தியாவது வரவேண்டாமா? இவன் மாமன் இல்ல, சோமன்!"

சோமன் என்றால் என்ன என்று எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. ஆனால் எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து தலையணையைக் குத்துவேன்.

இப்போது இளையவனுக்கு, அத்தான் வீட்டு முறைப்படி, சிவாஜிநகர் பக்கம் ஓர் அம்மன் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை காது குத்து. அண்ணன் முறை. அண்ணன் ரயில். அண்ணன் வெள்ளம். கடவுள் மெதுவாகத்தான் டைப் அடிப்பார், ஆனால் பிழையில்லாமல் அடிப்பார் என்று அன்றுதான் புரிந்தது.

அவனே போன் செய்தான்.

"லே, ரயில கேன்சல் பண்ணிட்டான். நீ கம்ப்யூட்டர்லயே கெடக்கவன்லா, எப்படியாவது ஒரு பஸ் டிக்கெட் பாரு."

பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன். திருநெல்வேலி, தென்காசி, கோவில்பட்டி, மதுரை என்று எல்லா ஊரிலிருந்தும் பார்த்தேன். எங்கும் இடமில்லை. ஒவ்வொரு 'இடமில்லை'யும் எனக்கு ஒரு லட்டு. ஓர் ஊரும் பாக்கியில்லாமல் எல்லா லட்டுகளையும் தின்று முடித்துவிட்டு அவனைக் கூப்பிட்டேன்.

"ஒண்ணுமே இல்லண்ணே. மனசே கேக்கமாட்டேங்கு. என்ன செய்ய? நீந்தி வந்துரு."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மழை பெய்யும் ஓசை மட்டும் கேட்டது. அந்த அமைதியை என்னால் பாட்டிலில் பிடித்து வைத்திருக்க முடிந்தால் வைத்திருப்பேன்.

"சரிலே," என்றான். "வாரேன்."

நான் சிரித்தேன். உடனே சிவாஜிநகர் போய், என் பங்குக்கு ஒரு ஜோடி கடுக்கன் வாங்கினேன். பழைய பட்டு வேட்டியை இஸ்திரிக்குக் கொடுத்தேன். 'தம்பி மாமன் ரெடி' என்று குடும்பக் குழுவில் செய்தி போட்டேன். அண்ணியும் பிள்ளைகளும் வரவில்லை, அண்ணன் மட்டும் கடுக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கிப் போய்விட்டான் என்று ஊரிலிருந்து பதில் வந்தது.

அதற்கப்புறம் நாள் முழுக்க அவனிடமிருந்து செய்திகள். ஒரு பால் வண்டியில் தொற்றிக்கொண்டு போகிறானாம். டவுன் பஸ்ஸில் நிற்கிறானாம். ரோடு உடைந்திருப்பதால் சுற்றிப் போகிறார்களாம். 'மதுரை வந்துட்டேன்' என்று அனுப்பினான். 'நல்லதுண்ணே, மீனாட்சியக் கும்பிட்டுட்டு அப்படியே திரும்பிரு' என்று போட்டேன். 'திண்டுக்கல்' என்றான். 'ஒரு பூட்டு வாங்கிக்கோ, வெறுங்கையோட வீட்டுக்குப் போகக்கூடாது' என்றேன். அதற்கப்புறம் அவன் ஊர்ப் பெயரை அனுப்புவதை நிறுத்திவிட்டான். நான் வெற்றிக்களிப்பில் தூங்கிப்போனேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் முழுக்க அத்தான் பக்கத்து ஆட்கள். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் திரும்பி உருதில் முடியும் பேச்சு. அக்கா மடியிலிருந்த என் மருமகன் என்னைப் பார்த்ததும் "மாமா!" என்று தாவினான். அவன் முதலில் பேசிய சொல்லே அதுதான். அம்மா என்பதற்கும் முன்னால். தினமும் சாயந்தரம் வேலை முடிந்ததும் போய், அவனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு தெருமுனைவரைக்கும் நடந்து சம்பாதித்த சொல். அண்ணனை அவன் போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறான், அதுவும் பெரும்பாலும் மூக்கை.

பூசாரி மனைப்பலகையைப் போட்டார். அத்தான் வந்தார்.

"இன்னா மச்சான், உங்க அண்ணன் வராரா இல்லியா? எமகண்டத்துக்கு முன்னால முடிக்கணும்னு பூசாரி சொல்றாரு."

"அவரு எங்க வரப்போறாரு அத்தான். நானே உக்காந்திருதேன்," என்று தியாகியின் முகத்தோடு சொன்னேன்.

அக்காவும், "ஆமாடா, நீயே உக்காரு. அண்ணன் போன எடுக்கவே மாட்டேங்கான். எங்க மாட்டிக்கிட்டானோ," என்றாள்.

பலகையில் உட்கார்ந்தேன். பல வருஷ அவமானத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கும் சுகம். மருமகனை மடியில் வாங்கினேன். சாய்ந்துகொண்டு என் சட்டைப் பொத்தானைத் திருகினான். போட்டோக்காரரைக் கூப்பிட்டு, என் முகம் நன்றாக விழும்படி எடுக்கச் சொன்னேன். யாருக்கு அனுப்பவேண்டும், என்ன எழுதி அனுப்பவேண்டும் என்பதுவரைக்கும் மனசில் தயார்.

காது குத்தும் பத்தர் எதிரே வந்து குந்தினார். ஊசியைத் துடைத்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதான் மாமாவா? புள்ள உங்ககிட்ட ரொம்ப ஒட்டா?"

"உயிர்," என்றேன்.

"ஹாங். இன்னியோட சரி."

"என்னது?"

"குத்துற என்னைப் புள்ள மறந்துடும் சார். தப்பிச்சு ஓடவுடாம புடிச்சிக்கினு இருக்கிறாரு பாருங்க, அவரத்தான் மறக்காது. ஆறு மாசம் மூஞ்சியக் கண்டாலே கத்தும். நான் எத்தினி மாமாவப் பாத்திருக்கேன். பாவம், அழுதுடுவாங்க."

என் மடி சில்லிட்டது. பிள்ளை நனைத்ததால் அல்ல. பத்தர் சொன்னதைக் கேட்டு.

சரியாக அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. அண்ணன்.

"லே, பெங்களூர் எல்லைக்கு, அத்திபெலே டோல்கேட்டுக்கு வந்துட்டேன். ஓசூர்ல இருந்து ரோசாப்பூ ஏத்துன வண்டி. முன்னால வண்டி நகரவே மாட்டேங்கு. நீங்க முடிச்சிருங்க. எனக்காக நிக்கவேண்டாம். புள்ள பசியோட இருப்பான்லா."

ஒரு மனிதன் வெள்ளத்தில் இறங்கி, பால் வண்டி ஏறி, ராத்திரி முழுக்க முழித்து, ரோஜாப்பூ நடுவில் உட்கார்ந்து, இவ்வளவு தூரம் வந்து இப்படிச் சொன்னால், நல்ல தம்பிக்குக் கண் கலங்கியிருக்கும். எனக்கு மூளை கலங்கியது. கலங்கித் தெளிந்ததும் அடியில் ஒரு திட்டம் கிடந்தது.

பழிக்குப் பழி என்றால் அவன் உட்காராமல் போவது அல்ல. அவன் உட்காருவதுதான்! வரட்டும். உட்காரட்டும். அவன் மடியில் வைத்துக் குத்தட்டும். ஆறு மாசம் என்ன, அவன் போனில் மூக்கைக் காட்டும்போதெல்லாம் பிள்ளை வீறிட்டு அழட்டும். நானோ வழக்கம்போல சாயந்தரமானால் தெருமுனைக்கு.

எழுந்து நின்றேன். கோயிலே கேட்கும்படி சொன்னேன்.

"இல்லக்கா. அண்ணன் அத்திபெலே வந்துட்டான். அவன் முறை இது. அவன் வந்து உக்காரட்டும். எவ்வளவு கஷ்டப்பட்டு வாரான்! காத்திருப்போம்."

அத்தானின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அண்ணன் தம்பின்னா இப்டி இருக்கணும். எங்க வூட்லயும் இருக்குதுங்களே, நோடு, பாரு!" என்று தன் இரண்டு மகன்களையும் முறைத்தார். அக்கா என் தலையைத் தடவிக்கொடுத்தாள். நான் அடக்கமாகத் தலை குனிந்துகொண்டேன். குனிந்தது சிரிப்பை மறைப்பதற்கு.

எமகண்டத்துக்குக் கொஞ்சம் முன்னால் அண்ணன் ஆட்டோவில் வந்து இறங்கினான். வேட்டியின் கீழ்ப்பாதி சேற்று நிறத்தில் காய்ந்து விறைத்திருந்தது. காலரில் ரோஜா இதழ். முகத்தில் தாடி முளைக்க ஆரம்பித்திருந்தது. காலியாகக் கிடந்த பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"ஏம்லே, நீ உக்காரலையா?"

"உன் முறைல்லாண்ணே."

தொண்டையைச் செருமினான். "நான் உன்ன நாலு பேரு முன்னால அப்படிலாம் பேசிருக்கேன்... மனசுல வச்சுக்காதலே. ரயில் இல்லாம வாரது என்ன பாடுன்னு நேத்துதான் தெரிஞ்சுது."

இது என் திட்டத்தில் இல்லை. ஒரு நிமிஷம் தடுமாறினேன். மன்னிப்புக் கேட்டவனைப் பழிவாங்கலாமா? யோசித்தேன். வாங்கலாம் என்று முடிவு செய்தேன். மன்னிப்பு என்னிடம் மட்டும்தான் கேட்டான். கேலி நாலு பேர் முன்னால் பண்ணினான். கணக்கு இன்னும் நேராகவில்லை.

"உக்காருண்ணே. நேரமாவுது," என்றேன்.

உட்கார்ந்தான். பிள்ளை புது ஆளைக் கண்டு உதட்டைப் பிதுக்கினான். இங்கேதான் என் புத்தி வழக்கம்போல என்னை விட்டு வெளியூர் போனது.

பத்தர் கேட்டார்: "யாராச்சும் முன்னால நின்னு புள்ளைக்கு விளையாட்டு காட்டுங்க. தல அசையக்கூடாது."

சும்மா நின்றிருக்கலாம். அத்தானுக்கு நாலு தம்பி முறை ஆட்கள் இருந்தார்கள். ஆனால் இத்தனை பேர் முன்னால் பிள்ளைக்கு யாரைப் பிடிக்கும் என்று காட்ட ஒரு வாய்ப்பு! பாய்ந்து போய், பத்தருக்குப் பக்கத்தில், பிள்ளையின் மூஞ்சிக்கு நேரே குந்தினேன். சாவிக்கொத்தை ஆட்டினேன். நாக்கை நீட்டினேன். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"மாமா!" என்றான். அப்படியே என் கண்ணுக்குள் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஊசி இறங்கியது.

அந்த முகம் மாறியதை என்னால் எழுதமுடியாது. சிரிப்பு அப்படியே நின்று, 'நீயா?' என்று ஆகி, பிறகு வாய் திறந்தது. சத்தம் வர ஒரு நொடி ஆனது. அந்த ஒரு நொடியும் அவன் என்னைத்தான் பார்த்தான். பிடித்திருந்த அண்ணன் முதுகுக்குப் பின்னால் இருந்தான். பிள்ளைக்கு அவன் வெறும் இரண்டு கை. குத்தின பத்தர் பக்கவாட்டில். உலகத்தில் அவனுக்கு எதிரே இருந்தது நாக்கை நீட்டிக்கொண்டிருந்த நான் ஒருத்தன்தான்.

அடுத்த காதுக்கு என் தலையைக் கண்டதுமே அலறினான். குத்தி முடித்ததும் அப்படியே திரும்பி, அண்ணனின் கசங்கிய சட்டையில் முகத்தைப் புதைத்து, இரண்டு கையாலும் காலரைப் பிடித்துக்கொண்டான். நான் தூக்கக் கை நீட்டினேன். கோயில் மணியை மிஞ்சிய ஓர் ஓலம்.

பத்தர் ஊசியைத் துடைத்தபடி, "அரே! இந்தப் புள்ள முன்னால நின்னவரப் புடிச்சிக்கிச்சே. இப்டி நான் பாத்ததே இல்ல," என்று என்னை ஓர் அபூர்வப் பொருள்போலப் பார்த்தார்.

அண்ணன் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே கேட்டான்: "ஏம்லே, புள்ளைய அப்படி என்ன செஞ்ச?"

அத்தோடு முடிந்திருந்தால் விதியே என்று விட்டிருப்பேன். ஆனால் ரயில் ரத்தானால் வருவதற்கு மட்டுமா ரத்து? போவதற்கும்தான். தண்டவாளத்துக்கு மண் கொட்டி, கல் கொட்டி, சரி செய்யும்வரைக்கும் தென்பக்கம் வண்டி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டான். கடையைப் பற்றிக் கேட்டால், "இந்த மழையில எவன் உரம் வாங்குதான்?" என்றான். சாயந்தரமானால் மருமகனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு தெருமுனைக்கு நடந்தான். நான் பின்னாலேயே, பிள்ளை திரும்பினாலும் தெரியாத தூரத்தில் போனேன்.

எந்த மழைக்காக மனசுக்குள் கைதட்டினேனோ, அது எப்போது நிற்கும் என்று மணிக்கொரு தரம் போனைத் தட்டினேன். 'ரத்து' என்று வந்தது. மறுநாளும் ரத்து. அண்ணனுக்கு விழுந்த ரத்தெல்லாம் லட்டாக இருந்தது. எனக்கு விழுவதெல்லாம் கல்லாக இருந்தது. ஒருவழியாக பஸ்களில் கூட்டம் குறைந்து, திருநெல்வேலிக்கு ஒரு டிக்கெட் கிடைத்தது. ஜன்னலோரம், முன்வரிசை. போட்டுவிட்டு ஓடினேன்.

"அண்ணே! உனக்குப் பஸ் கெடச்சிட்டு!"

அண்ணன் கட்டிலில் சாய்ந்திருந்தான். வயிற்றின் மேல் மருமகன். இரண்டு காதிலும் அண்ணன் கொண்டுவந்த கடுக்கன்.

"பஸ்ஸா? இடுப்பு ஒடிஞ்சிரும்லே. கேன்சல் பண்ணிரு. ரயில் விடும்போது மெதுவாப் போயிக்கிடுதேன். எனக்கென்ன அவசரம்?"

கதவோரம் நின்றபடியே பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டினேன். மருமகன் ரொம்ப நேரம் யோசித்தான். கட்டிலிலிருந்து இறங்கினான். சுவரோரமாகவே நடந்து வந்தான். வெடுக்கென்று பிஸ்கட்டைப் பிடுங்கினான்.

எனக்கு உயிர் வந்தது.

அப்படியே திரும்பி ஓடிப்போய், அதை அண்ணன் வாயில் வைத்து, "மாமா," என்றான்.

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் மென்று தின்றான்.