பலகையில் அரியலூர் ஸ்டேஷன்

பெரம்பலூரில் எனக்கு சைக்கிள் கடை. மனைவி அரியலூர்க்காரி. அவள் அப்பா ரயில்வேயில் பாதை பழுதுபார்க்கும் கேங்மேன். தண்டவாளத்தோர லைன் வீட்டில் பிறந்து, வண்டிச் சத்தத்தில் வளர்ந்தவள். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. என்னைக் கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அது ஒன்றுதான் அவளுக்குக் குறை.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவளுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. பஸ் குலுக்கல் ஆகாது, எங்கேயும் கூட்டிப்போகாதீர்கள் என்றார் டாக்டர். அதற்கு மேல் சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது. அவளுக்கும்.

"எங்கூரு ஸ்டேஷன்லேருந்து வண்டி பொறப்படறத ஒரு தடவ பாத்துட்டாப் போதுங்க," என்றாள்.

கூட்டிப்போக முடியாது. செய்து பார்க்கலாம் என்று நினைத்தேன்.

கடையில் பழைய கதவுப் பலகை கிடந்தது. கழித்துப்போட்ட ஸ்போக்ஸ் கம்பிதான் தண்டவாளம். அடியில் குறுக்குக் கட்டையாக மூங்கில் சிம்பு. பால் டின் தகரத்தில் பெட்டிகள். ஓரத்தில் சிவப்பு ஓட்டுக் கூரையோடு ஒரு ஸ்டேஷன், பக்கத்தில் ஒரு மரம். என்ஜினுக்குள் உடைந்த அலாரக் கடிகாரத்தின் சுருள்வில். சாவி கொடுத்தால் ஓடும். பஞ்சர் ஒட்ட வந்தவர்கள் சிரித்தார்கள்.

"பெரம்பலூருக்கு பஸ்ஸே நேரத்துக்கு வரல. இவரு ரயிலு வுடறாராம்."

"நமக்கு ஜன்னலோரம் போட்டு வைங்கண்ணே."

ஓட்டிப் பார்த்தேன். பலகையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போனது.

வீட்டில் அவள் கட்டில் பக்கத்தில் வைத்து சாவியைத் தொட்டேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க. இது எங்கூரு இல்ல. பாத்திரக்கடை மாதிரி மின்னுது. அழுக்காக்கிட்டு ஓட்டுங்க."

படுத்தபடியே சொன்னாள். செய்தேன். தண்டவாளம் பக்கவாட்டில் துருவேற வேண்டும், சக்கரம் ஓடும் மேல்பக்கம் மட்டும் பளபளக்க வேண்டும் என்றாள். உப்புத் தண்ணீர் தடவித் துருவேற்றி, மேலே உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். விளக்குக் கரியை என்ஜினில் பூசினேன். அவள் ஸ்டேஷன் கூரையைப் பார்த்தாள்.

"ஓடு இப்படி செவப்பா இருக்காது. வேகன்ல ஏத்தற சிமெண்ட்டு தூசி படிஞ்சு வெளுத்துக் கெடக்கும். மரமும் அப்படித்தான்."

அவள் தம்பி அரியலூரில் அப்பா பார்த்த வேலையில் இருந்தான். ஸ்டேஷன் மரத்து இலையில் படிந்த தூசியைத் தட்டிக் கொண்டுவரச் சொல்லி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு பையோடு வந்தான்.

தானே தூவ வேண்டும் என்றாள். தம்பி முதுகைத் தாங்கிக்கொண்டான். கூரை, மரம், பெட்டி, சக்கரம் எல்லாவற்றிலும் தூவினாள். அன்றுதான் அவள் சிரித்தாள். தூசி பறக்காமல் ஒட்ட, மேலே கஞ்சித் தண்ணீர் தெளித்தேன்.

"காயட்டும். காலையில வண்டி வுடலாம்," என்றேன்.

காலையில் சாவி கொடுத்தேன். உள்ளே வில் உறுமியது. வண்டி நகரவில்லை. சக்கரமும் தண்டவாளமும் ஒரே கல்லாக இறுகிப்போயிருந்தன.

"எந்த மரத்துத் தூசி மாப்ள?" என்று அவள் தம்பியைக் கேட்டேன்.

"அக்காவுக்குப் போயி எலையில கெடந்த குப்பையையா கொண்டாருவாங்க மாமா? வேகன்ல ஏத்தறப்ப கிழிஞ்ச மூட்டையிலேருந்து புது சிமெண்ட்டா அள்ளியாந்தேன்." சொல்லி முடிக்கும்போதே அவனுக்கு விளங்கிவிட்டது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

"சிக்னல் கைகாட்டி எறங்கல போலருக்கு. நிக்கட்டும் வுடுங்க."

உளியால் தட்டினேன். சக்கரம் தகரத்தோடு பிய்ந்து வந்தது. நிறுத்திவிட்டேன். புது என்ஜினுக்குத் தகரம் வெட்டினேன். மடக்குவதற்குள் அவள் போய்விட்டாள். கடைசிவரை அந்தப் பலகைப் பக்கமே முகம் வைத்துப் படுத்திருந்தாள். புறப்படுமா என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

காரியம் முடிந்த அன்று மச்சினன் உளியை எடுத்துக்கொண்டு வந்து பலகை முன் உட்கார்ந்தான்.

"மெதுவாத் தட்டி எடுத்துரலாம் மாமா. ஓட வச்சிரலாம்."

"யாருக்கு மாப்ள?" என்றேன்.

உளியைக் கீழே வைத்தான்.