கால் தரையில் இருக்கிறதா?

தலத்தெரு பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஹமீது பாய் இறந்துவிட்டதாகச் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. உயிரோடு இருக்கும் இரண்டு பேருக்கு ஏற்கெனவே கண்ணீர் அஞ்சலி செலுத்திய குழு அது. சரிபார்க்கலாமே என்று பாயின் எண்ணுக்கே அழைத்தேன். என் அறிவின் அளவு அவ்வளவுதான். மகன் எடுத்தான். "வாப்பா தூக்கத்துலயே மவுத்தாயிட்டாங்க, சார்" என்றான். தூங்கும்போதும் ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருப்பார் என்று நான் நினைத்திருந்த மனிதர்.

எங்கள் பிள்ளைகளின் பள்ளிப் பேருந்தை ஓட்டியவர் அவர். அதற்கு முன் துபாயிலும் அதே வேலை. அங்கே பஸ்ஸின் பக்கவாட்டில் 'நில்' என்று ஒரு பலகை விரிந்தால் இரு பக்கமும் வண்டிகள் நின்றுவிடுமாம். நாங்கள் அதை நம்பவில்லை. அவரோ எங்களை நம்பவில்லை. "அங்க பலகைய நம்பலாம் சார். இங்க பிரேக்கையே நம்ப முடியாது. காலத்தான் பாக்கணும்" என்பார். பின்னால் நிற்கும் பைக் ஓட்டிகளின் கால் தரையில் ஊன்றியிருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்த பிறகே கதவைத் திறப்பார். கால் மேலே இருந்தால் அவன் நிற்கவில்லை, கிளம்பப் பார்க்கிறான் என்று அர்த்தம்.

இதில் தினமும் தாமதம், தினமும் புகார். பாய்க்குக் கண் மங்கிவிட்டது என்று டீக்கடையில் ஒரு பேச்சு வேறு கிளம்பியது. அதைக் கிளப்பியது நான்தான் என்று என் மனைவிக்கு இன்றைக்கும் சந்தேகம். இன்னொரு புகார் வந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று பள்ளி நிர்வாகி பாயிடம் சொல்லிவிட்டார்.

மறுநாள் மாலை பஸ் வந்து நின்றது. கதவுக்கு உள்ளே என் மகள், வெளியே நான். பின்னால் ஒரு கார் நின்று, ஓட்டியவர் இறங்கச் சொல்லிக் கையும் காட்டினார்.

"அதான் கார் நிக்கிதே பாய், தொறங்க."

"கார்காரரு நல்லவருதான் சார். அவருக்குப் பின்னாடி யாரு வர்றா?"

யாருமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். காரின் இடப்பக்கமாக ஒரு பைக் நுழைந்து, பஸ்ஸின் கதவுக்கும் எனக்கும் நடுவே சீறிப் போனது. மாநில எல்லை தாண்டி எங்கள் ஊருக்கு மலிவாக மதுப் பாட்டில் வாங்க வந்தவர்களின் அவசரம். துள்ளி விலகியதில் என் ஒரு செருப்பு சாக்கடைக்குள் போயிற்று.

பாய் மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். அப்புறம்தான் கதவைத் திறந்தார்.

ஒற்றைச் செருப்போடு நிர்வாகியைப் பார்க்கப் போனேன். சாவி பாயிடமே இருந்தது. பாய் நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "நீங்களா எனக்காகப் பேசுனீங்க?" என்று என்னைத்தான் ஏற இறங்கப் பார்த்தார்.

நேற்று அவருடைய ஜனாஸா ஊர்வலம் அதே நிறுத்தத்தில் சாலையைக் கடந்தது. வண்டிகளெல்லாம் நின்றன. கூட்டத்தோடு நான் உடனே இறங்கவில்லை. அவர் எனக்கு விட்டுப்போன சந்தேகம் இழுத்துப் பிடித்தது. ஒரு வாலிபன் பைக்கை அணைக்காமல், காலை மேலேயே வைத்திருந்தான். அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவன் காலை ஊன்றினான். நான் சாலையில் இறங்கினேன்.