ஆளில்லாத லயத்து மைனா

உஷாராணிக்கு ஐம்பத்து மூன்று வயது. மலேசியாவில், தெலுக் பங்லிமா காராங்கில் பள்ளி வேன் ஓட்டுகிறார். காலை ஏழரைக்குள் பதினான்கு பிள்ளைகளைப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டால், மறுபடி அவர்களை ஏற்றப் பன்னிரண்டரைக்குப் போனால் போதும். நடுவே கிடைக்கும் ஐந்து மணி நேரத்தை என்ன செய்வதென்று பல வருஷம் தெரியாமல் இருந்தார். பிறகு ஒருநாள் கிள்ளானில் ஒரு கடையில், நீளமான லென்ஸோடு ஒரு பழைய கேமராவை வாங்கினார். அன்றிலிருந்து அந்த நேரமெல்லாம் பறவைகளுக்கே போனது.

தூரம் எங்கும் போக வேண்டியதில்லை. அவருடைய வீடு கம்பத்தின், அதாவது அந்தக் கிராமத்தின், கடைசி வீடு. வேலியைத் தாண்டினால் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம், அதற்கப்பால் பழைய வாய்க்கால், அதற்கும் அப்பால் சதுப்புக்காடு. மீன்கொத்தி, செம்போத்து, பஞ்சுருட்டான், வாய்க்கால் கரையில் வெயில் காயும் உடும்பு, மழைக்குப் பிறகு ஊதா நிறத்தில் பூக்கும் பெயர் தெரியாத செடிகள் என்று எல்லாவற்றையும் எடுத்தார். ஒரு மீன்கொத்தி மீனோடு மேலே வரும் அந்த ஒரு நொடிக்காக இரண்டு மணி நேரம் கொசுக்கடியில் அசையாமல் நிற்பார். வேனில் பிள்ளைகளின் சத்தத்தைக் கேட்டுக்கேட்டு அவருக்கு அமைதியின்மேல் ஒரு பசி இருந்தது.

போன வருஷம் மார்ச் மாதம் மழையே இல்லை. காட்டோரம் எங்கோ தீப்பிடித்து, மூன்று நாளாகப் புகை மூட்டம். சூரியன் ஆரஞ்சு நிறத்தில் மங்கலாகத் தொங்கியது. அன்று வாய்க்காலோரம் ஒரு பறவைகூட இல்லை. ஏதாவது கிடைக்குமா என்று இதுவரை போகாத பக்கமாக நடந்தார். அங்கேதான் பழைய லயம் இருந்தது. தோட்டத்தில் வேலை செய்தவர்கள் வாழ்ந்த எட்டு வீடுகள், ஒரே வரிசையில். எல்லோரும் காலி செய்துவிட்டுப் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. கூரைத் தகரம் பாதி கழன்று கிடந்தது. வாசல்களில் ஆள் உயரத்துக்குப் புல்.

கடைசி வீட்டை நெருங்கியபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"யாரு?"

வயதான ஒரு பெண்ணின் குரல். உஷாராணி நின்றுவிட்டார். யாரோ இன்னும் குடியிருக்கிறார்கள் போலிருக்கிறது, சொல்லாமல் கொள்ளாமல் கேமராவோடு வந்து நிற்கிறோமே என்று கூச்சமாகிவிட்டது.

"நான்தாம்மா, பக்கத்துக் கம்பத்துலேருந்து வரேன். படம் எடுக்க வந்தேன்."

"உள்ள வா," என்றது குரல். கூடவே நெஞ்சிலிருந்து வரும் இருமல்.

கதவு இல்லை. புல்லை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். முன்னறையில் காய்ந்த ஓலையும் எலிப்புழுக்கையும். உள்ளறை வெறுமையாக இருந்தது. அடுப்படியில் ஒரு வாளி கவிழ்ந்து கிடந்தது. தூசியில் காலடித் தடம் ஒன்றுகூட இல்லை, அவருடையதைத் தவிர.

மறுபடி இருமல். இப்போது தலைக்கு மேலே.

நிமிர்ந்து பார்த்தார். உத்தரத்தில் கன்னங்கரேலென்று ஒரு மலைமைனா. மஞ்சள் காதுமடல், ஆரஞ்சு மூக்கு. மலாய்க்காரர்கள் தியோங் என்று கூண்டில் வளர்ப்பார்களே, அதே பறவை. உஷாராணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேமராவைத் தூக்கி நாலைந்து படம் எடுத்தார். மைனா தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது. பிறகு, தொண்டை வறண்ட மெல்லிய குரலில் சொன்னது:

"லோகா... தண்ணி... லோகா..."

அந்தச் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்தார். வேனை எடுக்கப் போகும்வரை அந்தக் குரல் முதுகிலேயே இருந்தது.

அன்று மாலை படங்களைக் கணினியில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தார். மைனாவின் வலது காலில் சிவப்பு பிளாஸ்டிக் வளையம். தொழிற்சாலையில் காவல் வேலை பார்க்கும் கணவர் சுகுமாறன் பின்னால் நின்று பார்த்தார்.

"யாரோ வளத்ததுலா இது," என்றார். "கடேசி வூடுன்னா ரமணியக்கா வூடு. செத்து ஒன்ற வருஷமாச்சே."

"லோகாங்கிறது யாருங்க?"

"அவங்க மகன். லோகன். லோரி ஓட்டுறான். இப்ப டவுன்ல ரூம் எடுத்துத் தங்கியிருக்கான்."

உஷாராணி இரண்டு வாரம் யோசித்தார். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் காணாமல்போன வளர்ப்புப் பறவை என்றால் தேடுவார்களே என்று தோன்றியது. லோரிகள் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்துக் கடையில் லோகனைக் கண்டுபிடித்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். குனிந்தே பேசுகிறவர். போனில் படத்தைக் காட்டியதும் அவர் கையிலிருந்த தே தாரிக் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"இது இன்னும் உசுரோட இருக்கா?"

"இருக்கு தம்பி. பேசுது."

"என்ன பேசுது?"

உஷாராணி சொல்லும் முன்பே லோகன் தொடர்ந்தார்: "தண்ணி கேக்குதா?"

பிறகு நிறுத்தாமல் சொன்னார்.

"ரெண்டு நாள் ஜோகூர் ட்ரிப்புக்கா. கெளம்பும்போது நல்லாத்தான் இருந்தாங்க, லேசா இருமல். போன் அடிச்சேன், எடுக்கல. எப்பவும் போன உள்ள வச்சிட்டுப் பின்னால போயிடுவாங்க, அப்படித்தான்னு நெனச்சேன். திரும்பி வரப்ப சாயங்காலம் நாலு மணி. வாசல்லயே கொரல் கேக்குது, 'லோகா, தண்ணி'ன்னு. 'வரேம்மா'ன்னேன். நிதானமா சப்பாத்தக் கழட்டுனேன், காலக் கழுவுனேன். அடுப்படிக்குப் போயி கப்புல தண்ணி மோந்துக்கிட்டு உள்ள போனா, அம்மா கட்டிலுக்குக் கீழ கெடக்குறாங்க. ஒடம்பு வெறச்சுப்போச்சு. முந்துன நாளே போயிட்டாங்கன்னு டாக்டர் சொன்னாரு. நான் கப்போட நிக்கிறேன், பின்னால கூண்டுலேருந்து மறுபடியும், 'லோகா, தண்ணி.'"

மூன்றாம் நாள் கூண்டைத் திறந்துவிட்டாராம். பறவை போகவில்லை. அவர்தான் வீட்டை விட்டுப் போனார்.

"அக்கா, நீங்க பறவையெல்லாம் தெரிஞ்சவங்க. ஒண்ணு கேக்குறேன், உண்மையச் சொல்லணும். ஒரு வார்த்தைய எத்தன தடவ கேட்டா அது பிடிச்சுக்கும்?"

கேள்வி எங்கே போகிறது என்று உஷாராணிக்குப் புரிந்தது. மாதக் கணக்கில் சொல்லிக்கொடுத்தும் பேசாத மைனாக்கள் உண்டு. ஒரே தடவை கேட்டதைப் பிடித்துக்கொண்டவையும் உண்டு என்று சொல்லக் கேட்டிருக்கிறார்.

"எனக்குத் தெரியல தம்பி," என்றார். "யாருக்கும் தெரியாது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை லோகன் வந்தார். இருவரும் லயத்துக்குப் போனார்கள். சுகுமாறனும் கூட வருகிறேன் என்றார், உஷாராணி வேண்டாம் என்றுவிட்டார். கடைசி வீட்டின் உடைந்த படியில் லோகன் உட்கார்ந்தார். உஷாராணி எதிரே ஒரு மரத்தடியில் கேமராவோடு நின்றார். அரை மணி நேரம் கழித்து மைனா வந்தது. சிவப்பு வளையம் லென்ஸில் தெளிவாகத் தெரிந்தது. பட்டுப்போன தென்னை மரத்தின் பொந்து வாயில் உட்கார்ந்தது. வாய் திறக்கவில்லை.

குரல் வந்தது. ஆனால் வேறு பக்கத்திலிருந்து.

"லோகா..."

உஷாராணி கேமராவைத் திருப்பினார். கூரைமேல் இன்னொரு மைனா, சின்னது. காலில் வளையம் இல்லை. அதன் மூக்கு திறப்பதையும் மூடுவதையும் அவர் லென்ஸ் வழியாகப் பார்த்தார். பின்னால் செம்பனைக்குள்ளிருந்து மூன்றாவது ஒன்று, வார்த்தை தேய்ந்துபோய், "...ண்ணி... ண்ணி..." என்றது. அப்புறம் இருமல். இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே இருமல். வளைய மைனாவின் இந்தக் குஞ்சுகள் பொரித்தபோது ரமணி உயிரோடு இல்லை. கூண்டில் கேட்டதைத் தாய்ப்பறவை காட்டுக்குக் கொண்டுவந்துவிட்டது.

லோகன் அழுவார், அல்லது ஓடுவார் என்று உஷாராணி நினைத்தார். இரண்டும் இல்லை. படியில் உட்கார்ந்தபடியே, வீட்டுக்குள் இருப்பவருக்குச் சொல்வதுபோலச் சொன்னார்:

"வரேம்மா."

அதன்பிறகு ஓய்வு கிடைத்த ஞாயிறுகளில் எல்லாம் வந்தார். முதல் மூன்று முறை உஷாராணியும் கூடப் போனார். கூப்பிடும்போதெல்லாம் லோகன் அந்த ஒரு வார்த்தையைச் சொல்வார். பத்து முறை கூப்பிட்டால் பத்து முறையும். வேறு பேச்சில்லை. நான்காவது வாரத்திலிருந்து உஷாராணி அவரைத் தனியே விட்டுவிட்டார்.

டிசம்பரில் பள்ளி விடுமுறை நேரம், ஒரு செவ்வாய்க்கிழமை. விடாத தூறல். பூப்படம் எடுக்கப் போன உஷாராணி, அந்தப் பக்கமாகத் திரும்பினார். லயத்தை எட்டும்போதே கேட்டது:

"லோகா... தண்ணி..."

"வரேம்மா."

லோகன் வந்திருக்கிறார். வார நாளில் என்ன இது என்று நினைத்துக்கொண்டே படியருகே போனார்.

"தம்பி, இன்னிக்கு வேலைக்குப் போவலயா?"

படி நனைந்து வெறுமையாகக் கிடந்தது. உள்ளே எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. வெளியே வந்து லோகனுக்குப் போன் செய்தார். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். பின்னால் லோரியின் இரைச்சல்.

"எங்க தம்பி இருக்கீங்க?"

"மூவார்லக்கா. சாமான் ஏத்திட்டு இருக்கேன். ஏன்?"

அந்த நேரம் தென்னைப் பக்கமிருந்து தாய்க்குரல் கூப்பிட்டது. கூரைமேலிருந்த மைனா மகன் குரலில் பதில் சொன்னது. லோகனுடைய அதே குரல், அந்த மெல்லிய இழுப்பு, முடிவில் மூச்சு இறங்குவதுகூட. உஷாராணி போனைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தார். கை தளரும்வரை பிடித்தார். அதற்குள் மூன்று முறை அழைப்பும் மூன்று முறை பதிலும் வந்துவிட்டன.

காதில் வைத்தபோது லோரிச் சத்தம் இல்லை. எஞ்சினை நிறுத்தியிருந்தார்.

"அக்கா, அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்ல தம்பி. நான் மட்டுந்தான்."

"ஒடனே பதில் சொல்லுதா? காக்க வைக்கலயே?"

"காக்க வைக்கல."

"சரிக்கா," என்று போனை வைத்துவிட்டார்.

அதன்பிறகு லோகன் லயத்துக்கு வருவதில்லை. ஒருமுறை பாசாரில், மீன் கடை முன்னால் பார்த்தபோது, நன்றாகத் தூங்குவதாகச் சொன்னார். முகமும் தெளிந்திருந்தது. உஷாராணி இப்போது லங்காட் ஆற்றோரம் வேனை ஓட்டிக்கொண்டு போய்ப் படம் எடுக்கிறார். வீட்டுக்குப் பின்னாலேயே அவ்வளவு பறவை இருக்க, எதற்கு அவ்வளவு தூரம், பயமா என்று சுகுமாறன் கேட்டார்.

"பயமெல்லாம் இல்லலா," என்றார் உஷாராணி, லென்ஸைத் துடைத்தபடி. "அவங்க ரெண்டு பேரும் பேசிக்கிற எடத்துல நமக்கு என்ன வேல?"